பலகாரத் தொழிலில் தர்மசங்கடம் வந்தால்: காரைக்குடிப் பட்டறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மாலை ஐந்தரைக்கு அடுப்பை அணைத்த பிறகு எங்கள் பட்டறையில் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, மறுநாளைக்கு ஊறப்போட வேண்டிய அரிசி. மற்றொன்று, இருப்புச் சட்டியில் கிடக்கிற எண்ணெய். அரிசியால் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. எண்ணெயால், காரைக்குடியில் தேன்குழல் பிழியத் தொடங்கிய முதல் வருடம் முழுக்கக் கெட்டது. கொட்டினால் காசு போகிறது. நாளைக்கும் காய்ச்சினால் பலகாரத்தின் ருசி போகிறது. யாருக்காவது விற்றால், அவர் அதை என்ன செய்வார் என்பது எனக்கே தெரியும்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இப்படி ஒரு சட்டி இருக்கிறது. மெஸ் நடத்துகிறவருக்கு அது நேற்றைய குழம்பு. மசாலா அரைக்கிறவருக்கு மிளகாயின் நிறம். கல்யாணச் சமையல் எடுப்பவருக்குப் பந்தி முடிந்த பின் அண்டாவில் கிடக்கும் சோறு. பெரிய கம்பெனிகளில் இதையெல்லாம் யோசிக்கத் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். நமக்கு நாமும் கல்லாப் பெட்டியும்தான்.

பதினான்கு வருட அனுபவத்தில் நான் கண்டது இது: தர்மசங்கடத்தை மனச்சாட்சியிடம் ஒப்படைக்காதீர்கள், கணக்கிடம் ஒப்படையுங்கள். மனச்சாட்சி காலையில் நன்றாகத்தான் வேலை செய்யும். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, இரவு பதினொரு மணிக்கு, ஆர்டரில் பாதி நிற்கும்போது அது கண் அயர்ந்துவிடும். இந்த மண்ணுக்கு இது புதிய யோசனையும் அல்ல. ரங்கூனிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நகரத்தார் முதலாளிகளில் பலர் ஊரில் இருந்தபடியே, மூன்று வருடத் தவணையில் அனுப்பிய மேலாட்களைக் கொண்டு தொழில் நடத்தினார்கள். கடல் தாண்டிய நம்பிக்கைக்குப் பேரேடுதான் சாட்சி. கோவிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கிய மகமைகூடக் கணக்கில் ஏறித்தான் போயிற்று.

முதல் படி: எது சங்கடம், எது வெறும் ஆசை

தர்மசங்கடம் என்று நாம் சொல்வதில் பாதி சங்கடமே அல்ல. சட்டம் முடிவு சொல்லிவிட்ட விஷயத்தில் நமக்குக் காசு மிச்சம்பிடிக்க ஆசை, அவ்வளவுதான்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பெட்டிக்கடைக்கும் பொருந்தும். வீட்டுச் சமையலறையில் முறுக்குச் சுட்டு விற்றாலும் 14 இலக்கப் பதிவு எண் வேண்டும். துணிக்குப் போடும் ரோடமின் சாயத்தை உணவில் சேர்க்கக் கூடாது என்பதில் யோசிக்க எதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது அந்தச் சாயத்தால்தான். திரும்பி வந்த பாக்கெட்டில் புதுத் தேதி ஒட்டுவது, வனஸ்பதியை நெய் என்று விற்பது, பஜ்ஜியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது, 14 வயது நிரம்பாத பிள்ளையை எச்சில் இலை எடுக்க வைப்பது, இவை எதற்கும் யோசனை தேவையில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி “என்ன செய்யலாம்?” என்று நண்பரிடம் கேட்கிறீர்கள் என்றால், விடை தெரிந்தே துணைக்கு ஆள் தேடுகிறீர்கள்.

உண்மையான சங்கடம் சட்டம் வாய் திறக்காத இடத்தில் இருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டை 180 கிராமாக்கி, எடையைச் சரியாக அச்சிட்டு, பழைய விலைக்கே விற்கலாமா? முறுக்குப் பிழியும் இயந்திரம் வாங்கி நான்கு பெண்களை நிறுத்தலாமா? விளைச்சல் கொட்டிக்கிடக்கும் மாதத்தில் விவசாயி சொல்லும் அடிமாட்டு விலைக்கு மிளகாயை அள்ளிக்கொள்ளலாமா? எல்லாமே சட்டப்படி செய்யக்கூடியவை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கொஞ்சம் இழக்கிறார்.

இரண்டாவது படி: இன்னொரு சிட்டை போடுங்கள்

வரவு செலவுச் சிட்டை உங்களிடம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் நூறு பக்க நோட்டு ஒன்று வையுங்கள். சங்கடம் வந்ததும் ஒரு பக்கம் எடுத்து நான்கு கேள்விகளுக்கு எழுதுங்கள்.

எத்தனை ரூபாய்? மொத்தமாக எழுதாதீர்கள், ஒரு கிலோவுக்கு, ஒரு பாக்கெட்டுக்கு என்று பிரித்து எழுதுங்கள். மாதம் ஏழாயிரம் என்றால் நெஞ்சு பதறும். அதே தொகை பாக்கெட்டுக்கு ஒன்றேகால் ரூபாய் என்றால் மூளை வேலை செய்யத் தொடங்கும்.

இழப்பு யார் தலையில் விழுகிறது? “மக்கள்” என்று எழுதக் கூடாது. ஆள் தெரிய வேண்டும்: செக்காலை ரோட்டுக் கடைக்காரர், முறுக்குச் சுற்றும் அக்கா, சென்னையில் பார்சல் பிரிக்கிற ஆச்சி.

அந்த ஆளுக்கு இது தெரியுமா? நான்கில் இதுதான் கனமானது. தெரிந்தே ஒப்புக்கொண்டால் அது வியாபாரம். தெரியாமல் அவர் தலையில் கட்டினால் அதற்கு வேறு பெயர். எனக்கு ஒரு சோதனை இருக்கிறது: செய்யப்போவதைப் பாக்கெட்டின் மேல் ஒரு வரியாக அச்சிட முடியுமா? “எண்ணெய் விலை ஏறியதால் எடை 20 கிராம் குறைக்கப்பட்டுள்ளது” என்று அச்சிட முடியும். “முந்தாநாள் எண்ணெயில் பொரித்தது” என்று முடியாது.

கடைசியாக, திரும்ப எடுக்க முடியுமா? விலையை அடுத்த வாரம் மாற்றலாம். தின்ற பண்டத்தை மாற்ற முடியாது. திரும்ப எடுக்க முடியாததற்கு எப்போதும் அதிக எச்சரிக்கை.

இதை அடுப்பு எரியும்போது எழுதாதீர்கள். காலையில், மாவு அரைபடும் நேரத்தில் எழுதுங்கள். எழுதியதைப் பட்டறையில் இன்னொருவர் படிக்க வேண்டும். என் வீட்டில் படிப்பது என் மனைவி. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, “இதில் உங்கள் பயத்தைத்தான் எழுதியிருக்கிறீர்கள், கணக்கை எழுதவில்லை” என்றாள். உண்மைதான்.

மூன்றாவது படி: எண்ணெயில் தொடங்குங்கள்

எந்தப் பக்கத்தை முதலில் எழுதுவது என்று கேட்டால், எண்ணெயை எழுதுங்கள். பொரிக்கிற தொழிலில் பணமும் உடம்பும் நேருக்கு நேர் முட்டும் இடம் அதுதான்.

திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் சிதைகிறது. சிதைவில் உண்டாகும் துருவச் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்டம். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்கள் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம் என்று பதிவும் வைக்க வேண்டும். அளக்கும் கருவி விலை கூடியது. சிறிய பட்டறைக்கு நிறம் மாறும் சோதனைப் பட்டை போதும். அதுவும் இல்லாத நாளில் சட்டியே சொல்லிவிடும். நல்ல எண்ணெயில் மாவு விழுந்ததும் நுரை பொங்கி, வேக வேக அடங்கும். கெட்ட எண்ணெயில் பொடி நுரை விளிம்பு வரை ஏறி, ஈடு எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும். கரண்டியில் அள்ளி ஊற்றினால் பாகு போல இழையும். வழக்கமான சூட்டுக்கு முன்பே புகையும். அதில் பொரித்த தேன்குழல் அன்றைக்கு மொறுமொறுப்பாகத்தான் இருக்கும். பத்தாம் நாள் டப்பாவைத் திறந்தால் சிக்கு வாடை முகத்தில் அடிக்கும். நாம் மிச்சம்பிடித்த காசை வாடிக்கையாளர் மூக்கால் கண்டுபிடிக்கும் நேரம் அது.

என் பக்கத்தில் எழுதிய கணக்கை அப்படியே தருகிறேன். விலை மாறிக்கொண்டே இருக்கும், முறையை மட்டும் பாருங்கள். சூரியகாந்தி எண்ணெய் லிட்டர் 150 ரூபாய் என்று வையுங்கள். வாரத்துக்கு மூன்று முறை 6 லிட்டர் வீதம் 18 லிட்டர் கழிக்கிறேன். மதிப்பு 2,700 ரூபாய். கழித்த எண்ணெயை பயோடீசலுக்கு எடுக்கும் ஏஜென்ட் லிட்டர் 50 என்று 900 ரூபாய் தருகிறார். நிகர இழப்பு வாரத்துக்கு 1,800. வாரத்தில் 300 கிலோ பலகாரம் போடுகிறேன். கிலோவுக்கு 6 ரூபாய். 200 கிராம் பாக்கெட்டுக்கு 1 ரூபாய் 20 காசு.

ஒரு வருடம் தூக்கத்தைக் கெடுத்தது ஒன்றே கால் ரூபாய்கூட இல்லை. பாக்கெட்டில் இரண்டு ரூபாய் ஏற்றினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் இந்தப் பக்கம் அதோடு முடியவில்லை. பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிற ஒருவர் என் எண்ணெயை லிட்டர் 80க்குக் கேட்டார். ஏஜென்ட்டை விட 30 ரூபாய் அதிகம். அவருக்கும் லாபம், எனக்கும் லாபம். இல்லாத மனிதர் வேறு. மறுப்பதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. மூன்றாவது கேள்விதான் காப்பாற்றியது: அந்த பஜ்ஜியைத் தின்கிற பள்ளிப் பிள்ளைக்கு இது தெரியுமா? தெரியாது. மறுநாள் அவரிடம், “எண்ணெய் தர முடியாது, நான் மொத்த விலைக்கு வாங்குகிற புது டின்னை அதே விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வாரக் கடைசியில் போதும்” என்றேன். இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். மூன்றாவது வாரம் டின் வாங்க வந்தார்.

கழித்த எண்ணெயை வாய்க்காலில் மட்டும் ஊற்றாதீர்கள். நம் ஊர்களில் வாய்க்கால் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஊருணி.

நான்காவது படி: சரக்கு வாங்கும் இடம்

கலப்படம் பெரும்பாலும் நம் பட்டறையில் நடப்பதில்லை. நாம் வாங்கும் மூட்டைக்குள் இருக்கிறது. அதனால் “நான் எதையும் கலக்கவில்லை” என்பது பாதி உண்மைதான்.

மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாவட்டத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் அருமை. ஆனால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு அதில் கிடையாது. வெளியூர் வியாபாரிகளுக்கோ செட்டிநாடு என்றால் நெருப்பு நிறம் வேண்டும். சென்னையிலிருந்து ஒருவர் தொடர்ந்து இரண்டு வருடம் ஆர்டர் எடுத்தார். மூன்றாம் வருடம், “பொடி வெளுத்துத் தெரிகிறது, அலமாரியில் நிற்கவில்லை” என்றார். இந்த இடத்தில்தான் சூடான் சாயம், உணவில் சேர்க்கக் கூடாத செயற்கைச் சிவப்பு, உள்ளே நுழைகிறது. நேர்மையான வழி ஒன்று உண்டு: காரம் குறைந்து நிறம் கூடிய பியாட்கி மிளகாயை நான்கில் ஒரு பங்கு சேர்ப்பது, அதைப் பொருள் பட்டியலில் எழுதுவது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ருசி மாறத்தான் செய்கிறது. ஆனால் ருசியில் விட்டுக்கொடுப்பது என் கௌரவப் பிரச்சினை. சாயம் அடுத்தவர் ஈரல் பிரச்சினை.

அரைத்த பொடியாக வாங்காமல் முழுதாக வாங்கி அரைப்பது பாதிக் கவலையைத் தீர்க்கும். பொடியாகத்தான் கிடைக்கிறது என்றால் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். செங்கல் தூள் அடியில் தங்கும். நீரில் கரையும் சாயம் கோடு கோடாக இறங்கும். சூடான் மட்டும் இதில் சிக்காது. அது எண்ணெயில் கரையும் ஜாதி. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு வருடத்துக்கு இரண்டு மாதிரியாவது அனுப்பினால்தான் தெரியும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் மிதக்கும். பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் வருவது தடித்த காசியாப் பட்டை. இலங்கைக் கருவாப்பட்டை மெல்லிய தாள்களைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். நம் மசாலாவுக்குக் காசியாவே போதும், ஆனால் அதை வாங்கிப் போட்டுவிட்டு “இலங்கைப் பட்டை” என்று எழுதாதீர்கள்.

ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாக்கள் சிலவற்றைத் திரும்பப் பெறச் சொன்னதற்குக் காரணம் எத்திலீன் ஆக்சைடு. கிருமி நீக்கப் புகையூட்டலில் பயன்படும் வேதிப்பொருள் அது. கிருமி நீக்கிக் கொடுப்பவரிடம் எந்த முறையில் செய்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இனி விவசாயி. விலை சரிந்த மாதத்தில் அவரிடம் பேரம் பேசிக் கசக்கி வாங்கினால் அடுத்த பருவத்தில் ஈர வற்றலை மூட்டையின் நடுவில் வைத்து அனுப்புவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஈர வற்றலில் பூஞ்சை பிடிக்கும், அதில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. சந்தை விலைக்கு மேல் கிலோவுக்குப் பத்து ரூபாய் கொடுத்து, “காயாத வற்றல் ஒன்று இருந்தாலும் மூட்டை திரும்பும்” என்று பேசிக்கொள்வது தர்மமும் ஆயிற்று, தரக் கட்டுப்பாடும் ஆயிற்று.

ஐந்தாவது படி: பாக்கெட்டின் மேல் எழுதுவது

“செட்டிநாடு” என்ற சொல்லுக்கு யாரும் காவல் இல்லை. கண்டாங்கிச் சேலைக்கும் பனையோலைக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. நம் சமையலின் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. காரம்தான் செட்டிநாடு என்று அவர்கள் நினைப்பதில்தான் கோபம். வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் கும்மாயமும் எங்கே போயிற்று? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் எழுதும் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள். “கைமுறுக்கு” என்றால் கை சுற்றியிருக்க வேண்டும். “ஆச்சி கைப்பக்குவம்” என்று ஒரு பாட்டியின் படத்தைப் போட்டால், அந்தப் பாட்டி எங்கேயாவது இருக்க வேண்டும். “கருப்பட்டிப் பணியாரம்” என்றால் கருப்பட்டி. சந்தையில் கிடைக்கும் கருப்பட்டியிலேயே வெள்ளைச் சர்க்கரை கலந்து காய்ச்சியது நிறைய. கவுனி அரிசிப் பொடியில் “சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்” என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். அரைக் கிலோ அரிசிக்கு அரைக் கிலோ சர்க்கரை போட்டுக் கிண்டுகிற பண்டம் அது! நோயைத் தீர்க்கும் என்ற வாசகம் உணவுப் பாக்கெட்டில் இருக்கவே கூடாது. தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை போகலாம், தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை.

நான் மாட்டிக்கொண்ட ஓர் இடத்தைச் சொல்கிறேன். “முழுக்க அரிசி, உளுந்து. கோதுமை சேர்க்காதது” என்று பெருமையாக அச்சிட்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர், தொலைபேசியில் கேட்டார்: “பெருங்காயம் எந்த வகை போடுகிறீர்கள்?” டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கூட்டுப் பெருங்காயம். பொடி எழுத்தில்: கருவேல் இனப் பிசின், கோதுமை மாவு. ஆறு வருடம் தினமும் கையில் எடுத்த டப்பா அது. 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி கோதுமை போன்ற பசையப் புரதத் தானியங்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா முதலியவற்றைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். நாம் வாங்கும் கூட்டுப் பொருளுக்குள் ஒளிந்திருந்தாலும் சரி. அன்றைக்கு மீதி இருந்த உறைகளை எடைக்குப் போட்டேன். இப்போது அரிசி மாவில் கூட்டிய பெருங்காயம் வாங்குகிறேன். ஆனாலும் “கோதுமை சேர்க்காதது” என்று இனி அச்சிடப் போவதில்லை. ஒரே பட்டறையில் கோதுமை அல்வாவும் கிண்டுகிறோம்.

ஆறாவது படி: ஆட்கள்

எங்களிடம் கைமுறுக்குச் சுற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஐந்து சுற்று முறுக்கைப் பேச்சை நிறுத்தாமல் சுற்றுவார். ஒரு நாள் காலை பதினோரு மணிக்குள் நான்காவது முறை எழுந்து போனார். கேட்டதற்கு, “ஒன்றும் இல்லை தம்பி” என்றார். வயிற்றுப்போக்கு. வீட்டிலிருந்தால் அன்றைய 500 ரூபாய் போய்விடும், அதனால் வந்துவிட்டார். அவர் அதுவரை சுற்றிய மூன்று தட்டு முறுக்கும் எண்ணெயில் வேகும், கிருமி செத்துவிடும் என்று மனம் சமாதானம் சொன்னது. ஆனால் அவர்தான் பொரித்ததை அடுக்கவும் செய்திருந்தார். அடுக்கியதை எல்லாம் ஒதுக்கினேன்.

நோயுள்ளவரை உணவைத் தொட விடக் கூடாது என்று விதி சொல்கிறது. வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும் என்பது உணவுத் துறையில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். கூலி கொடுக்காமல் இந்த விதியைச் சுவரில் ஒட்டினால், நோயை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று பொருள். கணக்குப் போட்டேன். ஆறு பேர், ஆளுக்கு வருடம் 12 நாள், நாள் 500: 36,000 ரூபாய். வருடம் 15,000 கிலோ பலகாரம். கிலோவுக்கு 2 ரூபாய் 40 காசு. கூலியோடு விடுப்பு என்று எழுதி ஒட்டினேன். அந்த அக்கா எடுத்தது வருடத்தில் மூன்றே நாள்.

இயந்திரம் விஷயத்தில் என்னிடம் சுத்தமான விடை இல்லை. தேன்குழலுக்கு வாங்கினேன், கைமுறுக்குக்கு வாங்கவில்லை. பிழிந்து பிழிந்து தோள்வலி கண்ட இரண்டு பேரைப் பாக்கெட் கட்டும் வேலைக்கு மாற்றினேன். மூன்றாமவர், இருபது வயதுப் பெண், புதுவயல் அரிசி ஆலை ஒன்றுக்குப் போய்விட்டார். நான் நிறுத்தவில்லை, ஆனால் இருக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அந்தப் பக்கம் இன்னும் மூடாமல் கிடக்கிறது.

நாள் முழுக்க நிற்க வைக்காதீர்கள். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது.

ஏழாவது படி: எடையும் விலையும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். எடையைக் குறைப்பதை விட விலையை ஏற்றுவது மேல். விலை ஏறினால் வாடிக்கையாளர் திட்டுவார், எடை குறைந்தால் ஏமாந்தோம் என்று நினைப்பார். முன்னது ஒரு வாரத்தில் ஆறும்.

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டில் அடைத்த மிக்சர் போன்ற கார வகைகளின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 112 ரூபாய்ப் பாக்கெட் 105க்கு வர வேண்டும். நான் முதல் இரண்டு வாரம் இழுத்தடித்தேன். எண்ணெய் விலை ஏறியிருக்கிறதே என்று காரணமும் வைத்திருந்தேன். நோட்டில் எழுதிப் பார்த்தபோது மூன்றாவது கேள்வியில் விழுந்தேன்: அந்த 7 ரூபாய் என் காசே இல்லை. விலையை இறக்கினேன். எண்ணெய்க்காகப் பின்னர் 3 ரூபாய் ஏற்றினேன், காரணத்தையும் கடையில் எழுதி வைத்தேன். வரி தனியாக வசூலிக்காத காம்பொசிஷன் திட்டக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.

கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுங்கள், ஆனால் பந்தி தொடங்குமுன்பே எடுத்து மூடிவைத்த அண்டாவிலிருந்து, சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கொடுங்கள். மாலை வரை திறந்து கிடந்ததை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

எட்டாவது படி: தவறு வெளியே போய்விட்டால்

முன்கூட்டியே ஒரு வேலை செய்து வையுங்கள்: ஒவ்வொரு நாள் உற்பத்திக்கும் ஓர் எண், எந்தக் கடைக்கு எத்தனை போயிற்று என்ற குறிப்பு. இது இல்லாமல் பின்வரும் எதுவும் நடக்காது.

ஒரு தீபாவளி வாரத்தில் சட்டி போதவில்லை. மசாலாக் கடலை பொரித்த எண்ணெயிலேயே தேன்குழலைப் பிழிந்தோம். மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து ஒரு தாயின் அழைப்பு. நிலக்கடலை ஒவ்வாத ஐந்து வயதுப் பையன், தேன்குழல் தின்றதும் உதடும் கண்ணும் வீங்கியிருக்கின்றன. மருத்துவமனையில் ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. அவர் கத்தவில்லை. “உறையில் கடலை என்று இல்லையே, அதனால்தான் கொடுத்தேன்” என்றார்.

அந்த எண்ணில் 140 பாக்கெட், 11 கடை. முதலில் பட்டறையில் இருந்ததை ஒதுக்கிக் கயிறு கட்டினேன். இருட்டுவதற்குள் எல்லாக் கடைக்கும் நானே பேசினேன், ஆள் விட்டுப் பேசவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவித்தேன். பாதுகாப்பில்லாத சரக்கைத் திரும்பப் பெறுவதும் அவர்களுக்குச் சொல்வதும் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி நம் கடமை. கடைக் கதவில் எண்ணையும் காரணத்தையும் எழுதி ஒட்டினேன். தேவகோட்டையில் ஒரு கடைக்காரர், “ஒரு பிள்ளைக்குத்தானே, ஏனப்பா ஊரைக் கூட்டுகிறாய்?” என்றார். 97 பாக்கெட் திரும்பியது. 43 போனது போனதுதான்.

அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் பதற வேண்டாம். மாதிரியை நான்கு பங்காகப் பிரிப்பார்கள். அதில் ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அரசு ஆய்வாளரின் அறிக்கை எதிராக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இது தெரிந்திருந்தால் “வேறு வழியில்” முடித்துக்கொள்ளலாம் என்று தோளில் கை போடுகிறவர்களிடம் பேச்சு நீளாது.

திருச்சி அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். கடலைக்கு இப்போது தனிச் சட்டி, தனிச் சாரணி. இரண்டின் கைப்பிடியிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். சூட்டில் அது உரிந்துவிடுகிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அக்காதான் திரும்ப அடிக்கிறார்.